'இயா' என்று முடியும் மருத்துவச் சொற்களைப் பிரித்துப் படிப்பது எப்படி: கோடிங் பயிற்சிக்குப் புதிதாக வருபவர்களுக்கு

பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்துவிட்டு மெடிக்கல் கோடிங் பயிற்சிக்குப் போனேன். நோயாளியின் மருத்துவப் பதிவை (சார்ட்) படித்து, அதிலுள்ள ஒவ்வொரு நோய்க்கும் உரிய குறியீட்டை (கோடு) போடுவதுதான் அந்த வேலை. முதல் நாளே முந்நூறு சொற்கள் அடித்த தாள்களைக் கொடுத்து, பத்து நாளில் மனப்பாடம் செய்துவிட்டு வரச் சொன்னார்கள். அகரவரிசையில் அப்படியே உருப்போட்டேன். பத்தாம் நாள் முந்நூறும் வந்தது, பதினைந்தாம் நாள் பாதி மறந்துவிட்டது, மூன்றாவது வாரம் ஒரு பயிற்சி சார்ட்டில் உணவை விழுங்க முடியாத நோயாளிக்குப் பேச்சு தடைபட்ட நோயாளியின் கோடைப் போட்டுவிட்டேன். இரண்டு சொல்லும் 'இயா'வில் முடியும், நடுவில் ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம்.

அன்று இரவு அந்தத் தாளை எடுத்து எண்ணிப் பார்த்தேன். தொண்ணூறுக்கு மேல் 'இயா'வில் முடிகிற சொற்கள். அந்த ஒரு விகுதியை யாராவது முதல் நாளே உட்காரவைத்து விளக்கியிருந்தால் எனக்கு ஒரு மாதம் மிச்சமாகியிருக்கும். அந்த மாதம் உங்களுக்காவது மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். நர்சிங், ஃபார்மசி, லேப் டெக்னீஷியன் படிப்புக்குப் போகிறவர்களுக்கும் இதே பிரச்சினைதான், அவர்களும் இதை அப்படியே பின்பற்றலாம்.

1. முதலில் கையில் இருக்கவேண்டியவை, ஆகும் செலவு

பெரிய செலவு எதுவும் தேவையில்லை. எனக்கு மொத்தமாக ஆனது முந்நூறு ரூபாய்க்குள்தான்.

ஒரு 200 பக்க நீள நோட்டு. கோடு போட்டதாக இருக்கட்டும், ஏனென்றால் ஒவ்வொரு சொல்லையும் மூன்று துண்டாக வெட்டி எழுதப்போகிறீர்கள். மூர் மார்க்கெட் பக்கம் பழைய புத்தகக் கடையில் மருத்துவ அகராதி ஒன்று 150 ரூபாய்க்குக் கிடைத்தது, பழைய பதிப்புதான், ஆனால் வேர்ச்சொற்கள் பதிப்புக்குப் பதிப்பு மாறுவதில்லை. பழையது போதும் என்று நான் சொல்வது அகராதிக்கு மட்டும்தான், கோடு புத்தகத்துக்கு இல்லை. ஐசிடி-10-சிஎம், அதாவது ஐசிடி-10 என்ற நோய்க் குறியீட்டுப் பட்டியலின் அமெரிக்கப் பதிப்பு, ஒவ்வொரு ஆண்டும் அக்டோபர் 1 அன்று புதுப்பிக்கப்படுகிறது. போன ஆண்டுப் புத்தகத்தை யாராவது பாதி விலைக்குத் தருகிறேன் என்றால் வாங்கி வைத்துக்கொண்டு ஏமாறாதீர்கள். அந்த கோடுகளின் முழுக் கோப்பையும் அமெரிக்க அரசின் நோய்த்தடுப்பு மையமான சிடிசியின் தளத்திலேயே காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-10 பட்டியலையும் அதன் தளத்தில் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம். கிரேக்க, லத்தீன் வேர்களுக்கு விக்சனரியே பெரும்பாலும் போதும். இன்னும் ஆழமாகப் போகவேண்டுமானால் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் பெர்சியஸ் தளத்தில் பெரிய கிரேக்க, லத்தீன் அகராதிகள் இலவசமாகவே இருக்கின்றன.

மூன்றாவது முக்கியமான ஆவணம், ஒரு நிஜமான டிஸ்சார்ஜ் சம்மரி. பயிற்சி நிலையத்து சார்ட்டை போட்டோ எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள், பெயர் நீக்கியதாக இருந்தாலும் கூடாது. வேலைக்குப் போன பிறகு அந்தப் பழக்கம் வேலையையே காவு வாங்கிவிடும். அதற்குப் பதிலாக உங்கள் வீட்டிலேயே அம்மா அப்பாவின் பழைய ஆஸ்பத்திரி ஃபைல் ஒன்று கட்டாயம் இருக்கும். அவர்களிடம் கேட்டுவிட்டு ஒரு ஜெராக்ஸ் எடுங்கள், பெயர், வயது, எண்களைக் கறுப்பு மையால் அடித்துவிடுங்கள். பாட்டியின் ஃபைலிலிருந்து நான் எடுத்த நான்கு பக்கத்துக்கு ஆன செலவு 8 ரூபாய். ஆனால் அதில் பதினொரு 'இயா' இருந்தது!

மெடிக்கல் டெர்மினாலஜி மட்டும் சொல்லித்தருகிறோம் என்று தனியாக ஆயிரக்கணக்கில் கேட்கிற குறுகிய வகுப்புகளுக்கு அவசரப்பட்டுப் பணம் கட்டவேண்டாம். முதலில் இதை ஆறு வாரம் செய்து பாருங்கள், அப்புறம் தேவைப்பட்டால் சேருங்கள்.

2. 'இயா'வை நம் 'மை'யோடு பொருத்துங்கள்

எனக்கு எல்லாம் புரிந்தது இந்த இடத்தில்தான். தினசரிக் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் 'இன்சோம்னியா' என்று எழுதி, நடுவில் இரண்டு கோடு போட்டேன். இன், சோம்ன், இயா. 'இன்' என்பது லத்தீனில் இல்லை என்ற பொருள் தரும் முன்னொட்டு. 'சோம்னுஸ்' என்றால் தூக்கம். மிச்சம் 'இயா'. அதற்குக் கீழே தமிழில் தூக்கமின்மை என்று எழுதி அதையும் வெட்டினேன். தூக்கம், இல், மை. இல்லும் மையும் சேர்ந்து இன்மை ஆகிறது. மூன்றுக்கு மூன்று துண்டு, வரிசைதான் வேறு. அவர்கள் இல்லை என்பதை முன்னால் வைக்கிறார்கள், நாம் பின்னால் வைக்கிறோம். 'இயா' உட்கார்ந்திருக்கும் இடத்தில் நம் 'மை' உட்கார்ந்திருக்கிறது.

'அனீமியா'வையும் அப்படியே வெட்டலாம். 'அன்' என்றால் இல்லை, 'ஹைமா' என்றால் ரத்தம், கடைசியில் 'இயா'. ரத்தம், இல், மை. நாம் வழக்கத்தில் ரத்தசோகை என்கிறோம், ஆனால் கிரேக்கர்கள் கட்டிய சொல்லின் எலும்புக்கூடு ரத்தமின்மைதான்.

ஆக, கிரேக்கத்திலும் லத்தீனிலும் 'இயா' என்பது ஒரு பண்பையோ நிலையையோ பெயர்ச்சொல்லாக ஆக்கித்தருகிற விகுதி. கிரேக்கத்தில் 'சோஃபோஸ்' என்றால் அறிவுள்ளவன், 'சோஃபியா' என்றால் அறிவுடைமை. லத்தீனில் 'மெமோர்' என்றால் நினைவில் வைத்திருப்பவன், 'மெமோரியா' என்றால் நினைவு. இரு மொழியிலும் இப்படிப் பிறக்கும் சொல் பெண்பால். இரண்டுமே இந்தோ-ஐரோப்பியக் குடும்பம் என்பதால் விகுதியும் ஒரே இடத்திலிருந்து வந்ததுதான். இதற்கு மேல் வரலாறு தேவையில்லை.

பள்ளி இலக்கணத்தில் 'ஈறு போதல்' படித்தது நினைவிருக்கிறதா? கருமை + விழி = கருவிழி. பண்புப்பெயரின் கடைசி 'மை' கழன்றுவிடும். அங்கேயும் அதுதான் நடக்கிறது. அனீமியா 'அனீமிக்' ஆகும்போது 'இயா' போய்விடுகிறது. மயோப்பியா (கிட்டப்பார்வை) 'மயோப்பிக்' ஆகும், ஹெமிபிளீஜியா (ஒரு பக்க உடல் செயலிழப்பு) 'ஹெமிபிளீஜிக்' ஆகும். டாக்டர் சார்ட்டில் 'மயோப்பிக்' என்று எழுதியிருந்தால் கோடு புத்தகத்தின் இன்டெக்ஸில் அப்படியே தேடிக்கொண்டு உட்காராதீர்கள். இன்டெக்ஸ் பெரும்பாலும் பெயர்ச்சொல்லில்தான் இருக்கும். கழன்ற 'இயா'வை மறுபடி ஒட்டித் தேடுங்கள்.

3. எந்த 'இயா' என்று கேளுங்கள்

எல்லா 'இயா'வும் நோயைச் சொல்வதில்லை. வேலை ஒவ்வொன்றும் வேறு.

ஊர்ப்பெயரில் வருவது ஒன்று. 'இந்தோஸ்' என்ற ஆற்றுப்பெயரோடு சேர்த்துக் கிரேக்கர்கள் 'இந்தியா' என்றார்கள், அந்த இந்தோஸ் நம் சிந்துதான், பாரசீகம் வழியாகப் போனது. தெற்கு என்ற பொருளுடைய லத்தீன் சொல்லிலிருந்து ஆஸ்திரேலியா. தங்கனீக்காவும் சான்சிபாரும் 1964-இல் இணைந்தபோது இரண்டு பெயரின் தலையையும் எடுத்து 'இயா' ஒட்டித் தான்சானியா ஆக்கினார்கள். நாம் 'நாடு' என்று ஒட்டுவதுபோல.

செடிகளின் பெயரில் வருவது இன்னொன்று, ஒருவரின் பெயரோடு 'இயா' சேர்த்து அவரைக் கௌரவிப்பது. பெகோனியா, டாலியா, மக்னோலியா எல்லாம் இப்படித்தான். நம் மந்தாரைக்கு 'பௌஹினியா' என்று பெயர், பௌஹின் என்ற சகோதரர் இருவர் தாவர அறிஞர்கள், மந்தாரையின் இலை நடுவில் பிளந்து இரட்டையாக இருப்பதைப் பார்த்துதான் அந்தப் பெயரைக் கொடுத்தார்கள். ஆடாதோடைக்கு 'ஜஸ்டிசியா ஆடாதோடா' என்று பெயர். முன்பாதி ஜேம்ஸ் ஜஸ்டிஸ் என்ற ஸ்காட்லாந்துத் தோட்டக்கலைஞர், பின்பாதி நம் ஊர்ச் செடிப்பெயரே. கோடிங்குக்கு இது தேவைப்படாது, ஃபார்மசி மாணவர்களுக்கு உதவும்.

மூன்றாவதில் கவனம் வேண்டும். அது பன்மை. 'பாக்டீரியம்' ஒன்று, 'பாக்டீரியா' பல. இதயத்தின் மேலறை ஒன்றானால் 'ஏட்ரியம்', இரண்டும் சேர்ந்தால் 'ஏட்ரியா'. கிரேக்கத்தில் 'கிரைட்டீரியன்' ஒருமை, 'கிரைட்டீரியா' பன்மை. இதில் நிலையும் இல்லை, நோயும் இல்லை, வெறும் பன்மை உருபுதான். ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'ஏட்ரியா' என்று பார்த்தவுடன் ஏதோ நோய்ப்பெயர் என்று எழுதிவைத்தவர்கள் என் வகுப்பிலேயே மூன்று பேர். இதற்குள்ளேயே இன்னொரு சிக்கலும் இருக்கிறது: 'ஓட்டைட்டிஸ் மீடியா' என்பதில் இருக்கும் 'மீடியா' பன்மை இல்லை. நடு என்ற பொருளுடைய பெயரடை, முன்னால் வரும் சொல் பெண்பால் என்பதால் அந்த வடிவத்தில் நிற்கிறது. நடுக்காது அழற்சி, அவ்வளவுதான்.

நான்காவது, விகுதியே இல்லாமல் அப்படித் தோன்றுபவை. 'டிபியா' என்ற முழங்கால் கீழ் எலும்பின் பெயர் லத்தீனில் அப்படியே முழுச்சொல், குழல் என்ற வாத்தியத்துக்கும் அதே பெயர்தான். 'ஹெர்னியா'வும் முழுச்சொல். 'மலேரியா'வை வெட்டினால் இன்னும் தெளிவாகத் தெரியும். இத்தாலிய மொழியில் 'மாலா' என்றால் கெட்ட, 'ஆரியா' என்றால் காற்று. கெட்ட காற்றினால் வருகிறது என்று நம்பி வைத்த பெயர். அதில் 'இயா'வைத் தனியாக வெட்ட முயன்றால் கையில் எதுவும் மிஞ்சாது.

நோட்டில் ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் நிலை, ஊர், செடி, பன்மை, முழுச்சொல் என்று ஐந்தில் ஒன்றைக் குறித்துவிடுங்கள். மருத்துவத் தாளில் பத்தில் ஒன்பது 'நிலை'யாகத்தான் இருக்கும்.

4. பின்னாலிருந்து முன்னால் படியுங்கள்

சொல்லை முன்னாலிருந்து படித்துத்தான் நான் தோற்றேன். 'ஹைப்பர்', 'ஹைப்போ', 'டிஸ்' என்று தொடங்குகிற சொற்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன, ஆகவே முன்பக்கம் எதையும் பிரித்துக்காட்டாது. பின்பக்கத்தைப் பிடித்தால் சொல் எந்தக் குடும்பம் என்று உடனே தெரிந்துவிடும். 'இயா'வுக்கு முன்னால் நிற்கும் வேர்தான் குடும்பத்தின் பெயர்.

முதலில் '-ஈமியா'. 'ஹைமா' என்ற ரத்தமும் 'இயா'வும் சேர்ந்தது. இதில் முடிந்தால் செய்தி ரத்தத்தைப் பற்றியது. ஹைப்பர்கிளைசீமியா: மிகுதி, இனிப்பு, ரத்தம், நிலை. இஸ்கீமியா: தடுத்து நிறுத்தல், ரத்தம், நிலை, அதாவது ஓர் உறுப்புக்கு ரத்தம் போவது குறைந்துவிட்டது.

அடுத்தது '-யூரியா'. 'ஊரோன்' என்றால் சிறுநீர். புரோட்டினூரியா என்றால் சிறுநீரில் புரதம். பாலியூரியா அதிகமாகப் போவது, ஒலிகூரியா குறைவாகப் போவது, அனூரியா அறவே போகாதது, டிஸ்யூரியா போகும்போது எரிச்சல் அல்லது வலி.

இந்த இரண்டு குடும்பத்தையும் பக்கத்தில் வைத்து ஒரு ஜோடியைப் பாருங்கள். 'ஹெமட்டூரியா' என்பதில் ரத்தம் முன்னால், சிறுநீர் பின்னால், சிறுநீரில் ரத்தம் போகிறது. 'யுரீமியா' என்பதில் சிறுநீர் முன்னால், ரத்தம் பின்னால், சிறுநீரில் வெளியேறவேண்டிய கழிவு ரத்தத்தில் தேங்கிவிட்டது. முதலாவது சிறுநீர்ப் பாதையின் எந்த இடத்துக் கோளாறாகவும் இருக்கலாம், இரண்டாவது சிறுநீரகம் செயலிழந்துகொண்டிருப்பதன் அடையாளம். அதே இரண்டு வேர், இடம் மாறியவுடன் நோயாளியின் நிலைமையே மாறிவிட்டது. எது கடைசியில் நிற்கிறதோ அதுதான் இடம் என்பதை இந்த ஜோடியை வைத்துத்தான் நான் மனதில் பதித்துக்கொண்டேன்.

அப்புறம் '-ஆல்ஜியா'. 'ஆல்கோஸ்' என்றால் வலி. மயால்ஜியா தசை வலி, ஆர்த்ரால்ஜியா மூட்டு வலி, நியூரால்ஜியா நரம்பு வலி. நாம் சாதாரணமாகப் பேசும் 'நாஸ்டால்ஜியா'வும் இந்தக் குடும்பம்தான். 1688-இல் யோஹன்னஸ் ஹோஃபர் என்ற சுவிஸ் மருத்துவ மாணவர் வீட்டு ஏக்கத்தால் உடல் மெலியும் நிலைக்கு ஒரு நோய்ப்பெயராகவே அதை வைத்தார். 'நோஸ்டோஸ்' என்றால் வீடு திரும்பல். விடுதியில் இருந்துகொண்டு இதைப் படித்த அன்று அந்தச் சொல் எனக்கு வெறும் சொல்லாக இருக்கவில்லை, அதற்குப் பிறகு '-ஆல்ஜியா' மறந்ததே இல்லை.

'-பீனியா'. கிரேக்கத்தில் 'பெனியா' என்றால் வறுமை, நம் சொல்லும் 'மை'யில்தான் முடிகிறது பாருங்கள். டெங்கு ரிப்போர்ட்டில் வரும் திராம்போசைட்டோபீனியா என்ற நீளமான சொல்லைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். திராம்போஸ் உறைகட்டி, சைட்டோ செல், பீனியா வறுமை. ரத்தத்தை உறையவைக்கும் அணுக்கள், அதாவது பிளேட்லெட், குறைந்துவிட்டது. நியூட்ரோபீனியா என்றால் நியூட்ரோஃபில் என்ற வகை வெள்ளை அணு குறைவு.

மற்றவை சுருக்கமாக: '-பிளீஜியா' அடி விழுதல், அதாவது பக்கவாதம் போன்ற செயலிழப்பு. ஹெமி என்றால் பாதி உடல், பாரா என்றால் இரு கால்கள். '-ஓப்பியா' பார்வை, பிரெஸ்பயோப்பியாவில் 'பிரெஸ்பிஸ்' என்றால் முதியவர், ஆகவே நாற்பதுக்கு மேல் வருகிற வெள்ளெழுத்து. '-பிளேசியா' உருவாதல். '-பெப்சியா' செரிமானம். '-கார்டியா'வில் மட்டும் சின்ன நுணுக்கம், இதயம் என்பதற்கான கிரேக்கச் சொல்லே 'கார்டியா'தான், ஆகவே டாக்கிகார்டியாவை வேகம், இதயம் என்று இரண்டாக வெட்டினால் போதும்.

5. எல்லாரும் மாட்டிக்கொள்ளும் ஜோடிகள்

டிஸ்ஃபேஜியா, டிஸ்ஃபேசியா. எனக்கு எரர் வாங்கிக்கொடுத்த ஜோடி. 'ஃபாகெய்ன்' என்றால் உண்ணுதல், 'ஃபாசிஸ்' என்றால் பேச்சு. முதலாவது விழுங்குவதில் சிரமம், ஐசிடி-10-இல் ஆர்13 பிரிவு. இரண்டாவது பேச்சுக் கோளாறு, ஆர்47 பிரிவு. பக்கவாத நோயாளிக்கு இரண்டுமே ஒரே நேரத்தில் இருக்கலாம் என்பதால் சார்ட்டைப் பார்த்து ஊகிக்கவும் முடியாது, எழுத்தைத்தான் பார்க்கவேண்டும். ஜி இருந்தால் சாப்பாடு, எஸ் இருந்தால் பேச்சு. காதால் கேட்டு எழுதும் வேலையில் இருப்பவர்கள் சந்தேகம் வந்தால் கேட்டுவிடுங்கள், ஊகித்து எழுதவே எழுதாதீர்கள்.

ஹைப்போகலீமியா, ஹைப்போகால்சீமியா. இரண்டும் ரத்தத்தில் ஒரு தாது குறைவு. 'காலியம்' என்பது பொட்டாசியத்தின் லத்தீன் பெயர், வேதியியலில் கே என்று குறியீடு போட்டோமே, அதற்கும் இதுதான் காரணம். இன்னொன்று கால்சியம். 'ஹைப்போநேட்ரீமியா'வும் அப்படித்தான், 'நேட்ரியம்' என்றால் சோடியம். தனிம அட்டவணையில் லத்தீன் குறியீடு உள்ள இந்த இரண்டையும் ஒரு தடவை திரும்பப் படித்துவிடுங்கள், ஐந்து நிமிட வேலை.

ஹைப்பர், ஹைப்போ ஜோடியைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் கையெழுத்துச் சார்ட்டில் கடைசி எழுத்து மங்கியிருந்தால் லேப் ரிப்போர்ட்டின் எண்ணைப் பார்த்து உறுதிசெய்யாமல் கோடு போடாதீர்கள். எண்ணும் சொல்லும் முரண்பட்டால் மேலே கேளுங்கள், எண்ணை வைத்து நாமாக நோயை முடிவுசெய்வது நம் வேலை இல்லை.

6. வேர் சொல்வதையே நோய் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்

வெட்டிப் படிக்கக் கற்றுக்கொண்ட உற்சாகத்தில் நான் செய்த அடுத்த தவறு இது. வேர் சொல்லை நினைவில் வைக்க உதவும், இன்றைய மருத்துவப் பொருளை அது எப்போதும் சொல்லாது.

ஹீமோஃபீலியாவை வெட்டினால் ரத்தம், நேசம், நிலை என்று வரும். நோயோ, ரத்தம் சரியாக உறையாமல் கசிந்துகொண்டே இருப்பது. 'அஸ்ஃபிக்சியா'வை வெட்டினால் நாடித்துடிப்பின்மை, இன்றைய பொருள் மூச்சுத்திணறல். தலசீமியாவில் 'தலாஸ்ஸா' என்றால் கடல். மத்தியதரைக்கடல் ஓரத்துக் குடும்பங்களில் முதலில் அதிகம் கண்டறியப்பட்டதால் வந்த பெயர், நோய்க்கும் கடலுக்கும் வேறு சம்பந்தம் இல்லை. அனீமியாவே கூட முழு ரத்தமின்மை இல்லை, ஹீமோகுளோபின் அளவு குறைவதுதான்.

அதனால் நோட்டில் இரண்டு வரி விடுங்கள். மேல் வரியில் வேரின் பொருள், கீழ் வரியில் அகராதி சொல்லும் மருத்துவப் பொருள். இரண்டும் ஒத்துப்போகாத சொற்களைச் சிவப்பு மையால் வட்டமிடுங்கள். தேர்வுக்கு முன்தினம் சிவப்பு வட்டத்தை மட்டும் பார்த்தால் போதும்.

7. எழுத்துக்கூட்டலில் ஒளிந்திருக்கும் 'இயா'

இரண்டு விஷயம் கவனிக்கவேண்டும். லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொற்களில் 'இயா' தேய்ந்து 'இ' ஆகிவிட்டது. எபிலெப்சியா எபிலெப்சி (வலிப்பு) ஆயிற்று, அட்ரோஃபியா அட்ரோஃபி (உறுப்பு மெலிதல்) ஆயிற்று. லத்தீன் 'இன்கான்டினென்சியா' ஆங்கிலத்தில் 'இன்கான்டினென்ஸ்' (சிறுநீர், மலத்தை அடக்க முடியாமை) ஆகி, 'இயா' இருந்த சுவடே தெரியாது. மூன்றுமே நிலையைச் சொல்லும் பெயர்கள்தான், அதே முறையில் வெட்டலாம்.

மற்றொன்று, பிரிட்டிஷ் முறையும் அமெரிக்க முறையும். அனீமியாவை நம் ஊர் ஆஸ்பத்திரித் தாளில் நடுவில் ஏ-இ என்று இரண்டு எழுத்துப் போட்டு எழுதுவார்கள், அமெரிக்க சார்ட்டில் இ மட்டும் வரும். ஹெமட்டூரியாவுக்கும் லுகீமியாவுக்கும் அப்படியே. உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-10 பிரிட்டிஷ் முறையில் இருக்கிறது, ஐசிடி-10-சிஎம் அமெரிக்க முறையில். கணினியில் தேடி 'எதுவும் இல்லை' என்று வந்தால் உடனே சொல்லே தவறு என்று முடிவுகட்டாமல், அந்த ஓர் எழுத்தை எடுத்துவிட்டுத் தேடுங்கள். இதற்காக மட்டும் முதல் மாதம் நான் வீணாக்கிய நேரம் நிறைய.

8. எவ்வளவு நாள் ஆகும்

தினமும் 40 நிமிடம் ஒதுக்கினால் ஆறு வாரம். ஞாயிறு விடுமுறை, ஆனால் ஞாயிறு மாலை அந்த வாரத்து நோட்டை ஒரு தடவை புரட்டிவிடுங்கள்.

முதல் வாரம் '-ஈமியா'வும் '-யூரியா'வும் மட்டும், ஒரு நாளைக்கு ஐந்து சொல்லுக்கு மேல் வேண்டாம். இரண்டாவது வாரம் வலியும் வறுமையும். மூன்றாவது வாரம் செயலிழப்பு, பார்வை, உருவாதல், செரிமானம், இதயம். நான்காவது வாரம் புதிய சொல்லே எடுக்காதீர்கள், ஐந்தாம் பகுதியில் சொன்ன ஜோடிகளை மட்டும் மாற்றி மாற்றி எழுதிப் பாருங்கள். எனக்கு இந்த வாரம்தான் ரொம்பக் கடினமாக இருந்தது, இங்கேதான் பலர் அலுத்துப்போய் விட்டுவிடுகிறார்கள், விட்டுவிடாதீர்கள். ஐந்தாவது வாரம் சிவப்பு வட்டச் சொற்களும் எழுத்துக்கூட்டலும்.

ஆறாவது வாரம் அந்த டிஸ்சார்ஜ் சம்மரியை எடுங்கள். அகராதியை மூடி வைத்துவிட்டு, 'இயா'வில் முடியும் ஒவ்வொரு சொல்லையும் பென்சிலால் வெட்டுங்கள், எந்த 'இயா' என்று ஓரத்தில் குறியுங்கள், பின்னாலிருந்து பொருள் எழுதுங்கள், அப்புறம் அகராதியைத் திறந்து சரிபாருங்கள். பாட்டியின் தாளில் இருந்த பதினொன்றில் ஒன்பது எனக்கு முதல் தடவையே சரியாக வந்தது. தவறிய இரண்டையும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்தேன். உங்களுக்குத் தவறுகிறவற்றையும் அப்படி ஒரு தனிப் பக்கத்தில் எழுதுங்கள். தேதி போட்டு எழுதுங்கள், பத்து நாள் கழித்து அதே பக்கத்தைத் திறந்து மறுபடி வெட்டிப் பார்க்கவேண்டியிருக்கும்.